ஃபைபரில் காசு எந்தப் பக்கம்? ஒரு ஜொயின்ற்காரனின் கணக்கு

"ஸ்டார்லிங்க் வந்திட்டுதாம். இனி உங்கட வயர் வேலை படுத்திடும், என்ன?"

2025 யூலையில் இலங்கையில் செய்மதி வழியாக இன்ரநெற் தரும் அந்தச் சேவை தொடங்கியதில் இருந்து கலியாண வீடு, செத்த வீடு, சலூன் எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். பாதிப்பேர் உண்மையாகவே என்மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்கிறார்கள். வானத்தில் இருந்து இறங்கும் தரவு தரையில் ஒரு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஃபைபரில்தான் மிச்சப் பயணம் போகிறது என்று சொன்னால், "அப்பிடியே?" என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். 5ஜி கோபுரமும் அதே கதைதான். போனில் இருந்து கோபுரம் வரைக்கும்தான் காற்று. அதற்கு அப்பால் பெரும்பாலும் ஃபைபர், அதாவது வெளிச்சம் ஓடும் கண்ணாடி நார். நெடுந்தீவில் ஒரு வீட்டுக்கு டிஷ் வைப்பதில் நியாயம் இருக்கிறது. கோண்டாவிலில், வாசல் கம்பத்தில் ஃபைபர் பெட்டி தொங்கும் வீட்டுக்கு அது வீண் செலவு.

நான் செய்வது ஜொயின்ற் வேலை, கேபிளை நுனிக்கு நுனி ஒட்டுவது. செப்புக் கம்பிக் காலத்தில் தொடங்கி இப்போது ஃபைபர். திருநெல்வேலியில் ஒரு சின்ன அறை, இரண்டு பெடியள், ஒரு பழைய வான். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், "ஃபைபர்ல ஏதும் பிஸ்னஸ் போடலாமோடா? கொஞ்சக் காசு சும்மா கிடக்குது" என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பதில் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியோடு வேறு ஆக்களும் இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி. 1966இல் சார்ள்ஸ் காவோ என்ற எஞ்சினியர் இங்கிலாந்தில் இருந்து எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: கண்ணாடியில் உள்ள அழுக்கை எடுத்து, இழப்பைக் கிலோமீற்றருக்கு 20 டெசிபெல்லுக்குள் கொண்டுவந்தால் அதைத் தொலைபேசிக்குப் பாவிக்கலாம். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீற்றர் போனதும் நூறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். அதற்கே அந்தக் காலத்தில் தலைகீழாக நிற்க வேண்டியிருந்தது. 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் கொம்பனி அந்த இலக்கைத் தாண்டியது. காவோவுக்கு நோபல் பரிசு வந்தது 2009இல். இன்று என்னுடைய வானுக்குள் உருளையில் கிடக்கும் சாதாரண கேபிளில் 1550 நானோமீற்றர் அலைநீள வெளிச்சத்துக்கு இழப்பு கிலோமீற்றருக்கு 0.2 டெசிபெல் அளவுதான். சுன்னாகத்தில் விட்ட வெளிச்சம் யாழ்ப்பாணம் ரவுணுக்கு வரும்போதும் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கும்.

மச்சானுக்கு நான் முதலில் விளங்கப்படுத்தியது இதைத்தான். ஒழுங்காகப் போட்ட கண்ணாடி இருபது, இருபத்தைந்து வருசம் கிடக்கும். மாறிக்கொண்டே இருப்பது இரண்டு பக்கத்திலும் உள்ள பெட்டிகள். இப்போது எங்கள் பக்கத்து வீடுகளில் ஓடுவது பெரும்பாலும் ஜிபொன், ஒரு நாரைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை. கீழே வருவது 2.5 கிகாபிட், மேலே போவது 1.25 கிகாபிட். அதை ஒரு ஸ்ப்ளிற்றர் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறது. அடுத்த படி எக்ஸ்ஜிஎஸ்-பொன். இரண்டு பக்கமும் 10 கிகாபிட், 2016இலேயே தரநிலை வந்துவிட்டது. அதற்கு மேல் 50 கிகாபிட் பொன், அதற்கும் 2021இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் தரநிலை போட்டுவிட்டது. இதில் அழகு என்னவென்றால் பழையதும் புதியதும் ஒரே நாரில் ஒன்றாக ஓடும். ஜிபொன் கீழே இறங்குவது 1490 நானோமீற்றரில், எக்ஸ்ஜிஎஸ் இறங்குவது 1577இல். நிறம் வேறு என்பதால் ஒன்றை ஒன்று முட்டாது. கொம்பனிக்காரர் நிலையத்தில் ஒரு கார்ட்டை மாற்றி, பணம் கட்டுகிற வீட்டில் பெட்டியை மாற்றினால் முடிந்தது. வீதியில் ஒரு அடிகூடப் புதிதாக இழுக்கத் தேவையில்லை.

என்று பேப்பரில் இருக்கிறது. வீதியில் அப்படி இல்லை.

ஏனென்றால் அலைநீளம் கூடக் கூட, வளைவில் வெளிச்சம் அதிகமாகக் கசியும். 1310இல் ஒன்றும் தெரியாத வளைவு 1577இல் கடிக்கும், 1625இல் இன்னும் கூடக் கடிக்கும். இங்கே கம்பத்தில் இருந்து வீட்டுக்குப் போகும் ட்ரொப் கேபிள் கட்டியிருக்கிற சீரைப் பார்த்தால் தெரியும். கேற் தூணில் இறுக்கிச் சுற்றி, மதிலில் இருந்த பழைய ஆணியில் முடிச்சுப் போட்டு, யன்னல் சட்டத்துக்குள்ளால் நசித்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். இன்றைக்கு நெற் வேலை செய்கிறது, வீட்டுக்காரருக்கும் சந்தோசம், போட்டவனுக்கும் சந்தோசம். வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தை அளந்தால் மைனஸ் கணக்கில் வரும், எண் கூடக் கூட வெளிச்சம் மங்கல். மைனஸ் 20 வந்தால் சுகமான லைன். மைனஸ் 25 என்றாலும் பெட்டியில் பச்சை லைட்தான் எரியும். மைனஸ் 27க்குக் கிட்டப் போகும்போதுதான் ஆட்டம் தொடங்கும். ஆக, இன்றைக்கு 25இல் தொங்கிக்கொண்டு ஓடும் வீடுகள் எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு வேகமான பக்கேஜ் விற்க வெளிக்கிடும்போது அந்த வீடுகள்தான் முறைப்பாட்டுப் புத்தகத்தை நிரப்பப் போகின்றன.

இது ஏன் இப்படி ஆனது என்றால் காசு கொடுக்கும் முறை. கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று துணை ஒப்பந்தக்காரனுக்குப் பேச்சு. அளந்து பார்த்தாயா, எழுதி வைத்தாயா என்று கேட்க ஆளில்லை. நான் வேலை செய்துகொடுத்த ஒரு இடத்தில், ஒவ்வொரு ஜொயின்ற் பெட்டிக்கும் ஓடிடிஆர் என்ற அளவு மெஷினின் படத்தோடு அறிக்கை கொடுத்தபோது, "அண்ணை, உது எங்களுக்குத் தேவையில்லை, பில்லை மட்டும் தாங்கோ" என்றார்கள். பில்லுக்குக் காசு வரவும் மாசக்கணக்கில் எடுத்தது. அது வேறு கதை.

நான் இந்தத் தொழிலில் காசைப் பார்ப்பது இந்த இடத்தில்தான். புதிதாக இழுப்பதில் இல்லை. கிடப்பதை அளப்பதிலும், எங்கே கிடக்கிறது என்று எழுதி வைப்பதிலும்.

ஓடிடிஆர் என்பது ஒரு நுனியில் வெளிச்சத் துடிப்பை விட்டு, திரும்பிச் சிதறி வருவதை வைத்து உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் மெஷின். எத்தனையாவது மீற்றரில் ஜொயின்ற், எங்கே வளைவு, எங்கே அறுந்தது எல்லாம் அதில் வரும். ஆனால் மெஷின் சொல்வது கேபிளின் நீளத்தை. "3,412 மீற்றர்" என்று அது சொல்லும்போது, அந்த இடம் எந்தச் சந்தி, எந்த மதகு, எந்தக் கம்பம் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த எண்ணால் பிரயோசனம். கம்பத்துக்குக் கம்பம் தொங்கல், இடையில் விட்ட சுருள், பெட்டிக்குள் சுற்றி வைத்த நார் எல்லாவற்றையும் கழித்தால்தான் வீதியில் நடக்கிற தூரம் வரும். அந்தக் கணக்கு எழுதி வைக்கப்படாத லைனில், அறுந்த இடத்தைத் தேடி இரவில் ரோர்ச் அடித்துக்கொண்டு போகும் பெடியனைக் கேளுங்கள், சொல்லுவான்.

எங்கள் ஊரில் கேபிள் அறுவதற்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்த மண்ணில் கொஞ்சம் கிண்டினாலே சுண்ணாம்புக் கல். பிறேக்கர் வைத்து உடைக்காமல் குழி வெட்ட முடியாது. அதனால் பெரும்பாலும் கம்பத்தில்தான் கட்டுகிறோம். கம்பத்தில் கட்டினால் அணில் கடிக்கும். காவோலை விழும். வேலிக்கரையில் குப்பை கொளுத்தும் ஆச்சிக்கு மேலே என்ன தொங்குகிறது என்ற கவலை இல்லை. வைக்கோல் ஏற்றிய லொறி இழுத்துக்கொண்டு போகும். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவுப் பக்கம் போனால் உப்புக் காற்றில் கொக்கி, கிளாம்ப் எல்லாம் துருப்பிடித்துக் கையோடு வரும்.

பிறகு தேர். சின்னக் கோயில் என்றாலும் தேர் ஒன்று கட்டாமல் விடமாட்டார்கள், அதுவும் ஒவ்வொரு புனருத்தாரணத்திலும் முந்தியதைவிட உயரமாக. தேருக்கு முதல் நாள் மின்சாரக்காரர் தங்கள் கம்பியைப் பார்த்துக்கொள்வார்கள். ரிவி கேபிள், ரெலிபோன், ஃபைபர் இவற்றுக்கு ஆள் ஆளாகப் போன் எடுப்பார் தர்மகர்த்தா. போன வருசம் ஒருவர் எனக்கு எடுத்து, "தம்பி, சுவாமி வெளிக்கிட முதல் உந்த வயரை ஒருக்கா இறக்கி விடவேணும், பிறகு நீர் என்னெண்டாலும் செய்யும்" என்றார். அந்த லைன் என்னுடையதே இல்லை. போய்ப் பார்த்தால், கட்டியவன் சுருள் ஒன்றும் விடாமல் இறுக்கி இழுத்திருக்கிறான். இறக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. கம்பத்துக்குக் கம்பம் பத்துப் பதினைந்து மீற்றர் சுருள் விட்டிருந்தால் கால் மணித்தியால வேலை. கடைசியில் வெட்டி, தேர் போனபிறகு திரும்ப ஜொயின்ற் பண்ணியதுதான். அன்றைக்கு அந்த ஒழுங்கை முழுக்க நெற் இல்லை. வெளிநாட்டில் இருந்து தேரை லைவ்வில் பார்க்கக் காத்திருந்த சனம் என்ன திட்டுத் திட்டியிருக்கும்!

ஜொயின்ற் என்றால் என்ன என்று மச்சான் கேட்டான், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். நாரின் வெளி விட்டம் 125 மைக்ரோன். வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரோன் அளவுதான். அதன்மேல் நிறப் பூச்சோடு 250 மைக்ரோன். நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம் என்று பன்னிரண்டு நிறம் ஒழுங்காக வரும், அதைப் பார்த்துத்தான் நாரை அடையாளம் பிடிக்கிறது. முதலில் சுருங்கு குழாயைக் கோர்த்துவிட வேண்டும், பிறகு கோர்க்க வழியில்லை. பூச்சை உரித்து, அற்ககோல் துணியால் துடைக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரும். வந்தால் சுத்தம். பிறகு க்ளீவரில் வைத்து வெட்டு. வெட்டு முகம் செங்குத்தில் இருந்து ஒரு பாகைக்கு மேல் சரியக் கூடாது. நார் ஒட்டும் ஸ்ப்ளைஸ் மெஷினுக்குள் இரண்டு நுனியையும் வைத்து மூடினால், திரையில் அவை இரண்டும் தாங்களாகவே நேராகி, கிட்ட வந்து, ஒரு பொறி. உருகி ஒட்டிவிடும். இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டினால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். வெட்டி விழும் துண்டுகளை ஒரு மூடி போட்ட போத்தலுக்குள் எண்ணிப் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டு தோலுக்குள் போனால் எடுக்கப் படாதபாடு. வேலை மேசைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தால் என்னிடம் ஏச்சு விழும், பெடியளுக்கு அது தெரியும். சோளகம் வீசும் மாதங்களில் வீதியோரத் தூசி முழுக்க மெஷினுக்குள். வானின் பின்பக்கத்தைத் தறப்பாளால் மூடிக்கொண்டு, உள்ளே வியர்வையில் குளித்தபடிதான் ஜொயின்ற் நடக்கும்.

உலகத்தில் என்ன நடக்கிறது என்ற பக்கத்துக்கு வருகிறேன். அங்கே இப்போது காசு கொட்டுவது ஏஐ தரவு நிலையங்களில். ஆயிரக்கணக்கான சிப்புகளை ஒன்றோடு ஒன்று கோர்ப்பதற்கு மலைபோல் ஃபைபர் தேவை. 2024இல் லூமன் என்ற அமெரிக்க கொம்பனி, கோர்னிங்கின் உலகளாவிய ஃபைபர் உற்பத்தித் திறனில் 10 வீதத்தை இரண்டு வருசத்துக்குத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டது. 2025 மார்ச்சில் என்விடியா, வெளிச்சத்தை அனுப்பி வாங்கும் பகுதியை நெற்வேர்க் சுவிட்சின் சிப்புக்குப் பக்கத்திலேயே பதித்துவிடும் சுவிட்சுகளை அறிவித்தது. தனியாகச் செருகும் மொடியூல் தின்னும் கரண்டை மிச்சம் பிடிக்கத்தான் அது. மைக்ரோசொஃப்ற் 2022 கடைசியில் லூமெனிசிற்றி என்ற இங்கிலாந்துக் கொம்பனியை வாங்கியது. அவர்கள் செய்வது நடுவில் கண்ணாடியே இல்லாத, பப்பாசிக் குழல் போல உள்ளே வெறும் காற்றுள்ள ஃபைபர். கண்ணாடிக்குள் வெளிச்சம் செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர்தான் போகும். காற்றுக்குள் 3 இலட்சத்தைத் தொடும். 2025இல் அதன் இழப்பைக் கிலோமீற்றருக்கு 0.091 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டார்கள், நான் பாவிக்கும் கேபிளின் பாதிக்கும் குறைவு. அதை எப்படி ஜொயின்ற் பண்ணுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. இந்த ஜென்மத்தில் யாழ்ப்பாணத்துக்கு வருமோ தெரியாது.

இவற்றில் எங்களைத் தொடக்கூடியது ஒன்று உண்டு. 400இஸட்ஆர் என்று 2020இல் ஒரு பொதுத் தரநிலை வந்தது. கையளவு மொடியூல் ஒன்றை ரவுட்டரிலேயே செருகி, 400 கிகாபிட்டை 80இல் இருந்து 120 கிலோமீற்றர் வரை அனுப்பலாம். முந்தி இதற்கு ஒரு அறை நிறையத் தனிக் கருவி வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வழியே அளந்தால் மாங்குளம் தாண்டும், வவுனியா எட்டாது. பெரிய இடங்களில் இது பழசாகி 800 கிகாபிட்டுக்குப் போய்விட்டார்கள். பழசானது விலை இறங்கும். இறங்கும்போது ஒரு பல்கலைக்கழகமோ, பெரிய ஆஸ்பத்திரியோ, வாடகைக்கு ஒரு சோடி நார் எடுத்துத் தானே லைன் ஓட்டும் காலம் இங்கேயும் வரலாம். அந்த நாரின் அளவு அறிக்கை யாரிடம் இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

கடல் கேபிளைப் பற்றி மச்சான் பெரிய கற்பனை ஒன்று வைத்திருந்தான். "இந்தியா உதில தானே கிடக்கு, இழுத்தா என்ன?" வரைபடத்தில் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். ஆனால் நாட்டுக்கு வெளியே போகும் கேபிள்கள் கரையேறும் இடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை. 2006இல் வந்த பாரத்-லங்கா கேபிளைக்கூடத் தூத்துக்குடியில் இருந்து மேற்குக் கரைக்குத்தான் போட்டார்கள். ஆகவே வல்வெட்டித்துறையில் இருந்து வேதாரணியத்துக்கு அனுப்பும் ஒரு படம், முதலில் கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர் தெற்கே போய்த்தான் கடலில் இறங்குகிறது. வெளிச்சத்துக்கு அது இரண்டு மில்லிசெக்கன் வேலை, ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். வடக்கில் ஒரு கரையேறு நிலையம் வந்தால் நல்லதுதான். அது இரண்டு அரசாங்கங்களின் வேலை, மச்சானின் சேமிப்பின் வேலை இல்லை.

சரி, அவனுடைய சேமிப்புக்கு என்ன செய்யலாம்?

இன்ரநெற் கொம்பனி தொடங்காதே என்றேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும். கம்பத்தில் கட்ட மின்சாரக்காரரின் அனுமதி, வீதியை வெட்ட வீதி அதிகார சபை அனுமதி. பெரியவர்கள் ஏற்கெனவே ஒரே கம்பத்தில் மூன்று கேபிள் கட்டியிருக்கிறார்கள். நாலாவதாக நீ போய் என்ன செய்யப் போகிறாய்? கேபிள் தொழிற்சாலை, இரண்டு முனையிலும் கனெக்டர் போட்ட குட்டிக் கேபிள் (பற்ச் கோட்) தொழிற்சாலை என்ற பேச்சும் வேண்டாம். சீனாவின் விலையோடு மல்லுக்கட்ட முடியாது.

ஆனால் வீட்டுக்குள் வேலை கிடக்கிறது. வெளிநாட்டுக் காசில் கட்டிய இரண்டு மாடி வீடுகளைப் பாருங்கள். கொங்கிறீற் தட்டு, தடித்த சுவர், ஏழெட்டு அறை, கீழே முன் விறாந்தையில் ஒரே ஒரு ரவுட்டர். மேல் அறையில் வைஃபை வராது. ஐயா அம்மா இரண்டுபேரும் பின் அறையில் இருந்து பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்க, முகம் கட்டம் கட்டமாக உடையும். "ஃபைபர் சரியில்லை" என்று கொம்பனிக்கு முறைப்பாடு. ஃபைபர் நன்றாகத்தான் இருக்கிறது, சுவர்தான் பிரச்சினை. சீனாவில் அறைக்கு அறை ஃபைபர் கொடுக்கும் முறை பரவிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நாரைச் சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்ன வைஃபை பெட்டி. வளைவுக்குத் தாங்கும் ஜி.657 நார் இதற்கென்றே இருக்கிறது. வீடு கட்டும்போதே குழாய் விட்டால் இன்னும் லேசு. ஆனால் கட்டுகிற மேசனோடும் வயறிங்காரரோடும் முதலிலேயே கதைத்துவிட வேண்டும். பூச்சு முடிந்தபிறகு என்னைக் கூப்பிட்டு "எப்பிடியாவது செய்யுங்கோ" என்பதுதான் இங்கே வழமை.

அதைவிட எனக்குப் பிடித்தது வளவுக்குள் ஓடும் லைன். கோயில், பள்ளிக்கூடம், கலியாண மண்டபம், ஹொட்டேல், அரிசி ஆலை. எல்லா இடத்திலும் சிசிரிவி கமரா. எல்லாம் செப்பு நெற்வேர்க் கேபிளில், அதுவும் 100 மீற்றர் தாண்டக் கூடாது என்ற அளவை மீறி. ஒக்ரோபர், நவம்பரில் இடி மின்னல் தொடங்கினால் எனக்கு வரும் முதல் போன் எப்போதும் இதே மாதிரிதான்: "அண்ணை, இரவு முழங்கினதோட கமரா எல்லாம் போட்டுது." தூரத்தில் விழுந்த மின்னலே போதும். நீளமான செப்புக் கம்பியில் ஏறி, சுவிட்ச், ரெக்கோடர் எல்லாவற்றையும் கருக்கிவிடும். கண்ணாடியில் மின் பாயாது. கட்டடத்துக்குக் கட்டடம் உலோகமே இல்லாத ஃபைபர் போட்டு, இரண்டு பக்கமும் வெளிச்சத்தையும் மின்சமிக்ஞையையும் மாற்றிக் கொடுக்கும் மீடியா கொன்வேட்டர் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் முடிந்தது. இதில் கவனிக்க ஒன்று: தாங்குவதற்கு உருக்குக் கம்பி சேர்த்து வரும் ட்ரொப் கேபிளை வாங்கிவிட்டு "நான் ஃபைபர்தானே போட்டன்" என்று சொல்லக் கூடாது. அந்தக் கம்பி மின்னலுக்கு நல்ல வழி. ஒரு ஆலைக்காரருக்கு இதைச் சொல்லி, விலை கூடின கேபிளை வாங்க வைத்தேன். முதலில் முகம் சுருங்கியது. அடுத்த மாரி முடிந்ததும் தன் தம்பியின் ஆலைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

மூன்றாவது ஒன்று, ஒருவரும் யோசிக்காதது: மெஷின் திருத்துவது. ஸ்ப்ளைஸ் மெஷினில் பொறி விடும் இலெக்ற்றோட்டைச் சில ஆயிரம் பொறிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். க்ளீவரின் வட்டக் கத்திக்கு 16 நிலை, ஒரு இடம் மழுங்கினால் அடுத்த இடத்துக்குத் திருப்ப வேண்டும். உயரமும் சரிபார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மெஷினைக் கொழும்புக்கு பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டு, வரும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். வடக்கு முழுக்க ஓடும் மெஷின்களுக்கு இங்கே ஒருவன் கடை போட்டு, திருத்தும் நாட்களுக்கு மாற்று மெஷின் ஒன்றை வாடகைக்கும் கொடுத்தானென்றால், முதல் வாடிக்கையாளன் நான்தான்.

பெடியளைப் பழக்குவது பற்றியும் மச்சான் கேட்டான். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு வந்த தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அங்கேதான். அடிப்படை தெரிந்த பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் ஏணியில் ஏறி நின்று, காற்றில் ஆடும் பெட்டிக்குள் 24 நாரை ஒழுங்காகச் சுற்றி வைக்கிற பக்குவம் வகுப்பில் வராது. எனக்குப் பொறுமையாக வேலை செய்யும் ஆள் வேண்டும், பலசாலி தேவையில்லை. என்னோடு சில மாதம் நின்ற ஒரு தங்கச்சியின் வெட்டு என் வெட்டைவிடச் சுத்தம். வீட்டில் "கம்பத்தில ஏறுற வேலை பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு" என்று நிப்பாட்டிவிட்டார்கள். அளவு அறிக்கை, வரைபடம், வீட்டு உள்வேலை இதற்கெல்லாம் கம்பத்தில் ஏறவே தேவையில்லை. இனித் தொடங்கினால் முதலில் அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுவேன். பழகியவர்கள் கட்டாருக்கும் டுபாய்க்கும் போய்விடுகிறார்கள் என்ற மனவருத்தம் எனக்கும் உண்டு. இங்கே கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் வாய் வராது.

கடைசியாக மச்சான் நேரடியாகவே கேட்டான்: "முதல்ல என்ன வாங்கட்டும்?" ஜப்பான் ஸ்ப்ளைஸ் மெஷின் என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். இல்லை. முதலில் வெளிச்சம் அளக்கும் நல்ல பவர் மீற்றர் இரண்டு, சிவப்பு லைட் பேனா, கனெக்டர் பார்க்கும் நுணுக்குக்காட்டி ஒன்று. வரும் முறைப்பாட்டில் பெரும்பகுதி அழுக்குக் கனெக்டர்தான். துடைத்துவிட்டால் மூன்று நாலு டெசிபெல் திரும்பி வரும். அதன்பிறகு நல்ல க்ளீவர். சீன மெஷினுக்கு நல்ல க்ளீவர் கிடைத்தால் வேலை நடக்கும், நல்ல மெஷினுக்கு மொட்டைக் க்ளீவர் கிடைத்தால் நடக்காது. மெஷின் சீனாவினதே போதும், சில இலட்சத்துக்குள் முடியும். மிச்சக் காசை ஓடிடிஆருக்கு வை, அதுவும் 1625 நானோமீற்றர் உள்ளதாகப் பார்த்து வாங்கு. வளைவைப் பிடிக்க அது இல்லாமல் சரிவராது.

அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். நான் இதற்கிடையில் கொக்குவில்லில் ஒரு சின்ன வட்டாரத்தை எடுத்து, என் சொந்தச் செலவில் கம்பம் கம்பமாக எழுதத் தொடங்கிவிட்டேன். கம்ப இலக்கம், பெட்டி, சுருள் நீளம், எந்த நிறம் எந்தப் பக்கம் போகிறது என்று. என் வேலை போன இடங்களை மட்டும்தான் எழுதுகிறேன், மற்றவர்களின் பெட்டியைத் திறப்பதில்லை. ஒரு எளிய விரிதாள், போனில் எடுத்த படங்கள், அவ்வளவுதான். போன கிழமை ஒரு கொம்பனியின் மேற்பார்வையாளர் அறுந்த லைன் ஒன்றுக்காக எடுத்து, "உங்களிட்ட அந்த லிஸ்ற் இருக்காமே?" என்றார். இருக்கிறது, விலை கதைப்போம் என்றேன்.